தேடுகிற பெட்டியில் என் பெயர்

சிவமயம்

நீர்வேலி தெற்கு,
சித்திரை, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மகள் தர்சினிக்கு,

நீயும் மருமகனும் பேத்தியும் நோர்வேயில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கப் பிள்ளையார் துணை. இங்கே அம்மா சுகம், நானும் சுகம். நானும் சுகம் என்று இவ்வளவு காலமும் வழக்கத்துக்காகத்தான் எழுதிவந்தேன், இந்தமுறை அந்த வரியை இரண்டு தரம் வாசித்துக்கொள். எனக்கு ஒன்றும் நடக்கவில்லை, காலையில் இடியப்பமும் சொதியும் வழமையைவிடக் கூடத்தான் சாப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ அழுத அழுகையில் நான் சொன்னது எதுவும் உன் காதில் ஏறியிருக்காது, நானும் திகைத்துப்போய் நின்றதில் ஒன்றையும் ஒழுங்காகச் சொல்லவில்லை. அதனால்தான் முதலில் இருந்து எழுதி, தாளைப் படம் பிடித்து அனுப்புகிறேன். எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள்.

அம்மாவின் வேப்பம்பூ வடகத்துக்கும் மோர்மிளகாய்க்கும் கறித்தூளுக்கும் நீ இணையத்தளம் செய்து தந்தாய், அதைப் பார்த்துக்கொள்ளக் கோப்பாயில் கணினிக் கடை வைத்திருக்கும் வித்தியாவையும் ஒழுங்கு செய்தாய். இவ்வளவு செய்தும் ஒருவரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வடகமெல்லாம் தகரப் பேணியோடு விற்காமல் கிடந்ததில் அம்மாவுக்கு மனம் விட்டுப்போய், இனி உளுந்து ஊறப்போட மாட்டேன் என்று சொல்லத் தொடங்கிவிட்டாள். அப்போதுதான் வித்தியா வீட்டுக்கு வந்து, ஐயா, எங்கடை சாமான் வேணும் எண்டுறவை இணையத்திலை தேடுற பெட்டியிலை என்ன சொல்லை அடிச்சுத் தேடுவினம் எண்டு யோசிச்சு எழுதித் தாங்கோ, அந்தச் சொல்லு தளத்திலை இருந்தால்தான் நாங்கள் அவையின்ரை கண்ணிலை படுவம் என்றாள். அம்மா அடுப்படியில் நின்றபடி, வடகம் வேணுமெண்டால் வடகம் எண்டுதான் தேடுவினம், வேறை என்னத்தைத் தேடுறது என்றாள். நான் அவளைப் பேசாமல் இருக்கச் சொன்னேன். வடகம் எங்கும்தான் விற்கிறது, யாருடைய வடகம் என்பதல்லவா பெரிய விசயம். எந்த ஊர், ஆருடைய மகன் என்று கேட்காமல் எங்கள் சனம் ஒரு தேங்காய்கூட வாங்காது, அது உனக்கும் தெரியும்.

ஆகவே ஆறுதலாக இருந்து எழுதினேன். நீர்வேலி தெற்கைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட, இளைப்பாறிய கூட்டுறவுச் சங்கக்கடை முகாமையாளர் கந்தையா நமசிவாயம் அவர்கள், காலஞ்சென்ற கந்தையா தம்பதிகளின் மூத்த மகனும், பாலேஸ்வரியின் அன்புக் கணவரும், நோர்வேயில் வசிக்கும் தர்சினியின் பாசமிகு தந்தையும் ஆவார் என்று. ஒரு மனிதனை ஊருக்குத் தெரியப்படுத்த நாங்கள் வேறு எப்படி எழுதுகிறோம், நீயே சொல்லு. படத்தையும் நானே தெரிந்தெடுத்தேன், வேட்டி சால்வையோடு நேரே பார்த்துக்கொண்டு நிற்கிற படம். மங்களமாக இருக்கட்டும் என்று இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைக்கச் சொன்னதும் நான்தான். வித்தியா வாசித்துவிட்டு, ஐயா, உதை நான் வேறை எங்கையோ வாசிச்ச மாதிரிக் கிடக்குது, தர்சினி அக்காவுக்கு ஒருக்கால் காட்டிப்போட்டுப் போடுவமோ என்று கேட்டாள். நல்ல தமிழ் எங்கேயும் ஒரே மாதிரித்தான் இருக்கும், வேலைக்குப் போகிற பிள்ளைக்குக் கரைச்சல் கொடுக்காதே என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவளும் சொன்னபடி போட்டுவிட்டாள்.

ஞாயிறு காலையில் நான் வாழைக்குத் தண்ணீர் இறைத்துவிட்டு மண்வெட்டியோடு வருகிறேன், இணுவிலில் இருந்து அம்மாவின் தம்பி றஞ்சித் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு படலையடியில் நிற்கிறார். என்னைக் கண்டதும் மனிதர் பிடித்திருந்த சைக்கிளைக் கைவிட்டுவிட்டார், அது வேலியில் சரிந்து விழுந்தது. ஒரு செம்பு தண்ணீர் குடித்த பிறகுதான் கதை வெளியே வந்தது. நீர்வேலி என்று யாரோ தேடியிருக்கிறார்கள், எங்கள் ஊர்ப் பெயரை அடித்தால் மரண அறிவித்தல்கள்தானே இதே தமிழிலும் இதே குத்துவிளக்கோடும் வரிசையாக வரும், அந்த வரிசைக்குள் நானும் இரண்டு விளக்குக்கு நடுவில் நின்றிருக்கிறேன். கீழே வடகம், மோர்மிளகாய் என்று இருந்ததை ஒருவரும் வாசிக்கவில்லை, எங்கள் சனம் படத்தைக் கண்டவுடன் நாலு பேருக்கு அனுப்பிவிட்டுத்தான் மிச்சத்தை வாசிக்கும். உனக்கும் அப்படித்தான் வந்து சேர்ந்திருக்கிறது. அன்று முழுக்கக் கனடாவில் இருந்தும் பாரிசில் இருந்தும் அழைப்பு, நான் எடுத்து ஹலோ என்றால் சிலர் பயத்தில் வைத்துவிட்டார்கள். தன் செத்தவீட்டுச் செய்தியைத் தானே இருந்து எழுதி, படமும் தெரிந்தெடுத்துக் கொடுத்த மனிதன் இந்த யாழ்ப்பாணத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அம்மா முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு என்னை ஏசத் தொடங்கி இன்னும் நிறுத்தவில்லை.

ஆனால் நான் எழுத வந்தது இதுவல்ல. அன்று பின்னேரம் ஜேர்மனியில் இருந்து ஒரு அழைப்பு வந்தது. அம்மாதான் எடுத்தாள். அங்கால் இருந்து ஒரு ஆண் குரல், அண்ணி, எப்ப பிரேதம் எடுக்கிறியள், நான் வந்து சேருமட்டும் வைச்சிருப்பியளோ என்று கேட்டிருக்கிறது. அம்மா தொலைபேசியை என்னிடம் நீட்டினாள். யாரென்று உனக்கு விளங்கியிருக்கும், உன் செல்வநாயகம் சித்தப்பா. எல்லை வேலிப் பிரச்சினையில் என்னோடு கோபித்துக்கொண்டு போய், உன் கலியாணத்துக்கும் வராமல் இருந்த என் உடன்பிறந்த தம்பி. அந்த வேலி விசயத்தில் நான் சொன்னதுதான் சரி, அதை இப்போதும் சொல்வேன். ஆர் கதைக்கிறது என்றேன். மெல்ல, அண்ணையோ என்றான். ஓம், நான்தான், நான் சாகேல்லை என்றேன். அவன் அழுதான் மகள். சின்னனில் கிணற்றுக்கட்டில் விழுந்து பல்லை உடைத்துக்கொண்டு அழுத அதே அழுகை. நீ எப்பிடிக் கண்டனி என்று கேட்டேன். அதற்கு அவன், நான் ஞாயிறிலை ஞாயிறிலை உங்கடை பேரையும் ஊரையும் அடிச்சுப் பாக்கிறனான் அண்ணை, ஒண்டும் வராட்டில் அண்ணை இருக்கிறார் எண்டு நினைச்சுக்கொண்டு என்ரை அலுவலைப் பாப்பன், இண்டைக்கு உங்கடை படம் வந்திட்டுது என்றான்.

நான் செத்துப்போனேன் என்று கேட்டதுகூட என்னை இப்படி உலுக்கவில்லை. வருசக்கணக்காக ஒருவன் என் பெயரைத் தேடி, ஒன்றும் கிடைக்காததில் நிம்மதிப்பட்டிருக்கிறான், நானோ அவன் என்னை மறந்தே போனான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன். அவன் விமான ரிக்கெற்றும் போட்டுவிட்டானாம். அப்ப அதை நிப்பாட்டட்டோ அண்ணை என்று கேட்டான். செத்தவீட்டுக்கு வர வெளிக்கிட்டவனை, நான் இருக்கிறேன் வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அம்மா பக்கத்தில் நின்று கண்ணால் வெருட்டுகிறாள். அண்ணி வடகம் போட்டிருக்கிறா, உனக்கும் ஒரு பேணி எடுத்து வைக்கச் சொல்லுறன் என்றேன். அவன் சரி அண்ணை என்று வைத்துவிட்டான். ரிக்கெற்றை என்ன செய்தான் என்று எனக்குத் தெரியாது.

நேற்று வித்தியா வந்து நான் எழுதியதை எல்லாம் எடுத்துவிட்டாள். இந்தமுறை சொற்களை அம்மா சொன்னாள். வேப்பம்பூ வடகம், மோர்மிளகாய், யாழ்ப்பாணத்து வறுத்த தூள், பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குத்தூள், வெளிநாட்டுக்கு அனுப்புகிற தூள், இப்படி வாங்க வருகிறவர்கள் எந்தச் சொல்லில் கேட்பார்களோ அந்தச் சொல்லிலேயே சொன்னாள். அதில் ஒன்றிலும் நான் இல்லை. கொஞ்சம் மனம் சுட்டதுதான், ஆனாலும் அவள் சொன்னதுதான் சரி. அனுதாபம் சொல்ல எடுத்தவர்களில் ஒரு மனிசி வடகமும் மோர்மிளகாயும் அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறா, அம்மா உளுந்து ஊறப்போட்டுவிட்டாள். கடைசியில் வித்தியா என் பெயரையும் அழிக்கப் போனாள், இந்தச் சொல்லை அடிச்சு ஒருத்தரும் சாமான் தேடமாட்டினம் ஐயா என்று. நான் விடவில்லை. விளக்கை எடு, பெயர் கிடக்கட்டும், வாழைத்தோட்டத்தில் மண்வெட்டியோடு நிற்கிற படத்தைப் போடு, சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை புதுப்படம் மாற்று என்றேன். ஏன் ஐயா சனிக்கிழமை என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஒருத்தன் பாப்பான் என்றேன்.

பேத்திக்குத் தடிமன் மாறிவிட்டதா, குளிருக்குள் தலைமுழுக வார்க்காதே. மருமகனை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லு. உங்கள் மூவருக்கும் எங்கள் ஆசீர்வாதம், நோய் நொடியில்லாமல் நல்லாய் இருங்கள். ஒன்றை மறந்துவிடாதே, சித்தப்பாவுக்கு நீயாக ஒருக்கால் எடுத்துக் கதை. கதையோடு கதையாக எப்ப வெளிக்கிடுறியள் என்று கேள், வாறியளோ என்று கேட்காதே. நான் கேட்கச் சொன்னதாகவும் சொல்லாதே. அம்மா முன்னறையைக் கூட்டிக் கழுவிவிட்டாள்.

இப்படிக்கு,
இன்னும் நீர்வேலியிலேயே இருக்கிற உன் அப்பா,
க. நமசிவாயம்