பெயர் கேட்கும் விளையாட்டு

ஜூலை 10, வியாழன். தென்காசி

காலையிலிருந்து சாரல். துவைத்தது எதுவும் காயவில்லை. சனிக்கிழமை குற்றாலத்தில் எங்கள் சர்ச் வாலிபர் முகாம். பிள்ளைகளைப் பேசிப் பழக வைக்கிற முதல் ஒரு மணி நேர விளையாட்டு வழக்கம்போல் என் தலையில். பதினோரு வருடமாக இதே வேலை. நாற்பத்தாறு வயதில் பலூன் ஊத அலுப்பு. மூச்சும் வாங்குகிறது.

வாங்க வேண்டியது: பலூன் 2 பாக்கெட், ஸ்கெட்ச் பேனா, பி.பி. மாத்திரை.

கைகோர்த்து முடிச்சு அவிழ்க்கிற விளையாட்டு வேண்டாம். ஆணும் பெண்ணும் கை பிடிப்பதா என்று போன வருடம் ஒரு சபை மூப்பர் சண்டைக்கு வந்தார். கைக்குட்டையில் ஆளுக்கொரு முனையைப் பிடிக்க வைத்தேன். முடிச்சு அவிழ்வதற்குள் கைக்குட்டை கிழிந்தது.

ஜூலை 11, வெள்ளி

முகாமுக்கு வருகிறவர்கள் பட்டியல் வந்தது. இருபத்திரண்டு பேர். நடுவில் ஒரு பெயர், ஜெனி. அண்ணன் மகள்.

சபைத் தேர்தலில் அண்ணன் நின்றார். நான் எதிரணிக்கு ஓட்டுக் கேட்டேன். அண்ணன் தோற்றார். இரண்டு வருடமாகப் பேச்சில்லை. கோவிலில் அவர்கள் வடக்கு வாசல், நாங்கள் தெற்கு. ஜெனியும் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அண்ணனைக்கூட விட்டுவிடலாம். இந்தப் பிள்ளை பேசாததைத்தான் தாங்க முடியவில்லை.

மனைவியிடம் சொன்னேன். "பிள்ளைய அனுப்புதாவல்லா, அதுவே பெருசு. நீங்க பாட்டுக்கு இருங்க" என்றாள்.

ஜூலை 12, சனி. குற்றாலம்

அருவியில் தண்ணீர் அதிகம். குளிக்கத் தடை. பிள்ளைகள் முகம் உம்மென்று. விளையாட்டை மூன்று மணி நேரத்துக்கு இழுக்கச் சொன்னார் போதகர் ஐயா. போன வருடமும் இதைத்தானே வைத்தீர்கள் என்று ஒரு பையன்.

முதலில், வாய் திறக்காமல் பிறந்தநாள் வரிசையில் நிற்கிற விளையாட்டு. எல்லாரும் விரலைக் காட்டி மாதம் கேட்டு அலைந்தார்கள். ஒரு உற்சாகத்துக்கு நானும் போய் நின்றேன். ஜெனி யாரிடமும் விரல் காட்டவில்லை. நேரே வந்து என் பக்கத்தில் நின்றாள். எனக்கு அக்டோபர் 9, அவளுக்கு 11. முன்பெல்லாம் இரண்டு பேருக்கும் ஒரே கேக். மனசு லேசாயிற்று.

அந்த வரிசையிலேயே வட்டமாக உட்கார்ந்து அடுத்தது பெயர்ச் சுற்று. இடப்பக்கம் இருப்பவர் பெயரும் அவரைப் பற்றி ஒரு விஷயமும் சொல்ல வேண்டும். பெயர் தெரியாவிட்டால் அவரிடமே கேட்க வேண்டும். விதி நான் போட்டது.

ஜெனியின் இடப்பக்கம் நான்.

"பேரு தெரியாது."

யாரோ சிரித்தார்கள். மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். சபையில் எல்லாருக்கும் விஷயம் தெரியும்.

"அப்ப கேக்கணும்லா" என்றேன்.

தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "உங்க பேரு என்ன?"

சொன்னேன். தூக்கி வளர்த்த பிள்ளையிடம் என் பெயரைச் சொன்னேன். அடுத்தது என் முறை. பக்கத்துப் பையன் பெயர் நாக்கில் வரவில்லை. டீ வந்துவிட்டதா பார்க்கிறேன் என்று எழுந்துவிட்டேன். சமையல்கட்டுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றேன்.

மதியம் சாம்பார் சாதம். அப்பளம் நமுத்துப்போயிருந்தது. பலூன் ஒரு பாக்கெட் மிச்சம்.

ஜூலை 13, ஞாயிறு

முட்டி வலி. மழை விட்டிருக்கிறது.

முகாம் எப்படி இருந்தது என்று பிள்ளைகள் எழுதிக் கொடுத்த சீட்டுகளை ஐயா கேட்டார். பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருந்தோம். ஆராதனை முடிந்ததும் கோவில் வாசலில் பைக் மேல் உட்கார்ந்து படித்தேன். சாப்பாடு நல்லா இருந்துச்சு. அருவிக்கு விடல. பிரசங்கம் ரொம்ப நீளம். பலூன்லாம் சின்னப் பிள்ளைங்களுக்கு.

கடைசியில் ஒன்று, பச்சை மையில்: "பேரு கேக்குற விளையாட்டு இனிமே வேண்டாம். சித்தப்பா டீ பாக்கப் போகல, அழுதாங்க. நான் பாத்தேன்."

மற்ற இருபத்தொன்றையும் ஐயாவிடம் கொடுத்துவிட்டேன்.