ஹால் கேமராவைக் கழற்றியது

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம். ஒன்பது நாளாக நீயே பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லாததால் இதை எழுதித் தெரிவிக்க வேண்டியிருக்கிறது. ஹாலில் நீ மாட்டிவிட்டுப் போன கேமரா இப்போது பீரோவுக்குள் துணிகளைக் கண்காணித்துக்கொண்டிருக்கிறது. மருமகள் சௌக்கியமா, உனக்கு இருமல் விட்டதா? போனில் சொன்னால் உனக்குப் புரியாதும்மா என்று பாதியில் ஆரம்பித்துவிடுவாய், கடிதத்துக்குக் குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன்.

சும்மா இருக்காமல் ஏதாவது கற்றுக்கொள்ளுங்கள் என்று நூலகத்து வகுப்பில் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துவிட்டது நீதான், அது ஞாபகம் இருக்கட்டும். இணையத்தை யார் நடத்துகிறார்கள், அதற்கு என்ன சட்டதிட்டம் என்று சனிக்கிழமைதோறும் பாடம். நடத்துவது ஒரு வக்கீலம்மா, உன்னைவிடச் சின்னவள். முதல் நாளே அப்பா கையைத் தூக்கி, எங்கள் வீட்டில் நெட் மெதுவாக வருகிறது, இதற்கெல்லாம் தலைவர் யாரோ அவர் நம்பரைக் கொடுங்கள் என்றார். அப்படி ஒருத்தர் கிடையாது சார், முகவரிகளைப் பார்க்க ஓர் அமைப்பு, விதிமுறை எழுத ஓர் அமைப்பு, கேபிள் போடக் கம்பெனிகள், சட்டம் போட அரசாங்கங்கள், எல்லாரும் கூடிப் பேசி ஒத்துப்போவதால்தான் ஓடுகிறது என்றாள். நம் குடியிருப்புச் சங்கம் மாதிரியல்லவா இருக்கிறது, அப்புறம் எப்படி ஓடுகிறது என்று அப்பா வீடு வரைக்கும் கவலைப்பட்டுக்கொண்டே வந்தார்.

மூன்றாம் வாரம் வீட்டுப்பாடம், உங்களைப் பற்றிய விவரங்களை யார் யார் சேகரிக்கிறார்கள் என்று பட்டியல் போட வேண்டும். நான் வங்கி, மருந்துக்கடை, போன் கம்பெனி என்று எழுதினேன். அப்பா, எங்கள் மகன் என்று ஒரே வரி எழுதி, கேமரா விஷயத்தையும் சொல்லிவிட்டார். வகுப்பே சிரித்தது. வக்கீலம்மா சிரிக்கவில்லை, மாட்டும்போது உங்களைக் கேட்டாரா என்றாள். இவர் வழுக்கி விழுந்ததில் பயந்துபோய் எங்கள் நல்லதுக்குத்தான் மாட்டினான் என்று உனக்காக வாதாடினேன். எல்லா அரசாங்கமும் எல்லாக் கம்பெனியும் அதையேதான் சொல்கின்றன அம்மா என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

அதற்கு ஒரு மாதம் முன்னால் உன் அத்தை நம் சோபாவில் உட்கார்ந்து, தன் மகளை மாப்பிள்ளை விட்டுப் போய்விட்டதைச் சொல்லி அழுதாள், யாருக்கும் தெரிய வேண்டாம் அண்ணி என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று சாயங்காலமே நீ அவளுக்குப் போன் போட்டு ஆறுதல் சொன்னாய். நல்ல மனசு உனக்கு. நான்தான் உன்னிடம் ஊதிவிட்டேன் என்று அதிலிருந்து அவள் நம் படி ஏறவில்லை. உனக்கு எப்படித் தெரிந்தது என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன், உன் கேமராவுக்குக் காதும் உண்டு என்று அந்த வகுப்பில்தான் உறைத்தது.

வீட்டுக்கு வந்ததும், எங்களுக்கும் சேர்த்து நீ சம்மதம் கொடுத்த கேமரா கம்பெனியின் ஒப்பந்தத்தை அப்பா பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். நாற்பத்திரண்டு பக்கம். தரத்தை மேம்படுத்த ஊழியர்கள் உரையாடல்களைக் கேட்கலாம் என்று முப்பத்தோராம் பக்கத்தில் போட்டிருக்கிறது. இருபத்தெட்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தேன், அடுத்தவர் பேச்சைக் காதில் வாங்கினால் அங்கே சஸ்பெண்ட் செய்வார்கள். இப்போது அதற்குப் பெயர் தர மேம்பாடாம். ஸ்டூல் போட்டு ஏறிப் பிளக்கைப் பிடுங்கினேன். நீ பதினோரு தடவை கூப்பிட்டு, பக்கத்து வீட்டுத் தையல்காரரை விட்டுக் கதவைத் தட்டச் சொன்ன நேரத்தில் நாங்கள் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு உன் அத்தை வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தோம். அவள் எல்லாம் கேட்டுவிட்டு முதலில் திட்டினாள், பிறகு அழுதாள். நேற்று வந்தாள். உட்காருவதற்கு முன் ஹாலின் நான்கு மூலையையும் ஒரு தடவை பார்த்தாள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உன் பயமும் பொய்யில்லை. அதனால் அப்பா கையில் ஒரு பொத்தான் கட்டியிருக்கிறோம், அமுக்கினால் தையல்காரருக்கும் உனக்கும் மணி அடிக்கும், மற்றபடி அது வாயும் திறக்காது கண்ணும் திறக்காது. எல்லாரும் கூடிப் பேசித்தான் முடிவு செய்தோம், உன்னை மட்டும் கேட்கவில்லை. எல்லாம் உன் நல்லதுக்குத்தான்.

அத்தைக்கு நீயே கூப்பிட்டு, எப்படித் தெரிந்தது என்பதை உன் வாயால் சொல்லிவிடு. வேளைக்குச் சாப்பிடு, இரண்டு பேரும் சண்டையில்லாமல் நல்லபடி இருங்கள். எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு, அதற்கு நிபந்தனை எதுவும் இல்லை.

இப்படிக்கு,
அம்மா

கீழே அப்பாவும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். முழுக்கப் படித்துவிட்டுத்தான் போட்டார்.