கால் அங்குலம் தூக்கித் தைத்த திரை

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம், இந்த வரியை இரண்டு தடவை படித்துவிட்டுப் பிறகு மேலே போ. ஏனென்றால் பதினெட்டு நாளைக்கு முன்னால் அம்மாவுக்கு வலது கண்ணில் புரை ஆபரேஷன் நடந்தது. சொன்னால் புது வேலையைப் போட்டுவிட்டு விமானம் ஏறிவிடுவாய் என்று அவள்தான் சொல்லவிடாமல் தடுத்தாள். இப்போது, நீங்களே எழுதுங்க, அவகிட்ட திட்டு வாங்க எனக்குத் தெம்பு இல்ல என்று என் தலையில் கட்டிவிட்டாள். எனக்கென்ன, வாங்கிப் பழகிய ஆள்தானே.

படுக்கையறையில் சாயங்கால வெயில் நேராகக் கட்டிலில் விழும், உனக்குத் தெரியும். ஆபரேஷனுக்கு முந்தின வாரமே கடைக்குப் போய், இருப்பதிலேயே மலிவான ரெடிமேட் திரை இரண்டு வாங்கி வந்தேன், சாம்பல் நிறம். முப்பத்திரண்டு வருடம் லிப்ட் மெக்கானிக்காக நூலளவு பிசகாமல் அளவெடுத்தவன், ஜன்னலை அளந்தேனே தவிர, திரை தொங்கும் கம்பி ஜன்னலுக்கு ஒரு சாண் மேலே இருப்பதை மறந்துவிட்டேன். மாட்டிப் பார்த்தால் முழங்காலுக்கு மேல் ஏறிப்போன கால்சட்டை மாதிரி நிற்கிறது, அடியில் ஒரு சாண் இடைவெளியில் வெயில் சௌகரியமாக உள்ளே வருகிறது. திருப்பிக் கொடுக்கலாம் என்றால் பில்லை அன்றைக்கே கசக்கி எறிந்தாயிற்று.

அம்மா கருப்புக் கண்ணாடியோடு வீட்டுக்கு வந்து படுத்தாள். குனியக் கூடாது, ஒரு மாதம் தையல் மிஷின் பக்கமே போகக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. சரி, நானே ஒட்டுப் போட்டு நீளமாக்குகிறேன் என்றேன். என் மிஷின்லயா என்று எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருடத்தில் அதற்கு எண்ணெய் விட மட்டும்தான் எனக்கு அனுமதி. வேறு வழியில்லாமல் சம்மதித்து, படுத்த இடத்திலிருந்தே சொல்லிக் கொடுத்தாள். பழைய கருநீலப் படுக்கை விரிப்பில் ஒன்றரைச் சாண் அகலத்துக்கு இரண்டு பட்டை வெட்டினேன். நல்ல பக்கமும் நல்ல பக்கமும் முகம் பாத்த மாதிரி வச்சுத் தைங்க, விரிச்சுவிட்டா தையல் உள்ள போயிடும் என்றாள். கண்ணை மூடிக்கொண்டு மிஷின் சத்தத்தை மட்டும் கேட்டு, வண்டி வெறுமனே ஓடுது, பாபின்ல நூல் தீந்துடுச்சு பாருங்க என்பாள். பார்த்தால் தீர்ந்திருக்கும். முதல் பட்டையின் மறு ஓரத்தையும் திரையோடு சேர்த்துத் தைத்துப் பை மாதிரி ஆக்கிவிட்டேன் போலிருக்கிறது. அதை வாங்கிக் கையால் தடவிப் பார்த்தவள், இதுல ரெண்டு கிலோ உருளைக்கிழங்கு வாங்கிட்டு வரலாங்க என்றாள். பிரித்து மறுபடி தைத்தேன்.

அடி மடிப்பைக் கையால் தைக்கச் சொன்னாள். ஊசி எடுக்க மிஷின் டிராயரைத் திறந்தால், ஒரு டப்பாவில் பன்னிரண்டு ஊசி, பன்னிரண்டிலும் நூல் கோத்து முடிச்சுப் போட்டுத் தயாராக இருக்கிறது. இது என்ன என்று கேட்டேன், அம்மா போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட வந்திருந்த எதிர்வீட்டு நர்ஸ்தான், அதை நான் கோத்துக் கொடுக்கறேன் சார், ஒரு வருஷமா ஞாயித்துக்கிழமையானா கொண்டுவந்து நீட்டுவாங்க என்றாள். ஒரு வருடமாக உன் அம்மாவுக்கு ஊசியின் காது தெரியவில்லை, பாப்பா. ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்கு அது தெரியவில்லை. ஏன் சொல்லலை என்றேன். சொன்னா நீங்க வேலையெல்லாம் விட்டுட்டு என் கண்ணையே பாத்துட்டு உக்காந்திருப்பீங்க என்றாள். அப்படித்தான் செய்திருப்பேன். அந்த மடிப்பைத் தைத்து முடித்தேன், விரலில் நாலைந்து குத்து.

முந்தாநாள் டாக்டர் பார்த்துவிட்டு, வீட்டுக்குள்ளே இனிக் கருப்புக் கண்ணாடி வேண்டாம் என்றார். வந்து கட்டிலில் சாய்ந்தாள், இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு ஜன்னலையே பார்த்தாள். பாராட்டப் போகிறாள் என்று நான் இடுப்பில் கை வைத்து நிற்கிறேன். இடது பக்கத் திரை கால் அங்குலம் தூக்கியிருக்கு என்றாள். டேப்பைக் கொண்டுவந்து அளந்தேன். சரியாகக் கால் அங்குலம். எனக்குச் சிரிப்பு வந்து, சிரித்துக்கொண்டே மூக்கைச் சிந்த வேண்டியதாகிவிட்டது. பிரித்துச் சரியாகத் தைத்துவிடட்டுமா என்று கேட்டேன். இருக்கட்டும், கொஞ்ச நாள் பாத்துட்டு இருக்கேன் என்றாள்.

அடுத்த மாதக் கடைசியில் இடது கண்ணுக்கு. இந்தத் தடவை தேதியை முன்கூட்டியே எழுதுகிறேன். நீயும் உடம்புக்கு ஏதாவது என்றால் சரியான பிறகு சொல்லலாம் என்று வைத்திருக்காதே, எங்கள் இருவரிடமும் இருக்கும் அந்தக் கெட்ட பழக்கம் உனக்கு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவை ஐந்து நிமிடம் திட்டிக்கொள், அதற்கு மேல் போனால் நான் போனைப் பிடுங்கிவிடுவேன். வேளைக்குப் பசியும் படுத்தவுடன் தூக்கமும் உனக்குக் குறைவில்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா