பதினோரு பெயர்களும் ஒரு பேயும்

கடித எண் 412
ஸ்கார்பரோ
14 மே 2019, செவ்வாய்க்கிழமை, காலை 10.20

அன்பு மகள் ஃபிலிப்பாவுக்கு,

நான் நலமே, இடது முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் ஆட்சேபம் தெரிவிக்கிறது. வெலிங்டனில் குளிர் தொடங்கியிருக்கும், நீயும் மருமகனும் பிள்ளைகளும் உடல்நலத்தோடு இருப்பீர்கள் என நம்புகிறேன். சென்ற 5ஆம் தேதி, ஞாயிறன்று, "அப்பா, வம்பு பண்ணாம கையெழுத்தப் போடுங்க, அம்மா புஸ்தகம் மறுபடியும் வருதேன்னு சந்தோஷப்படுங்க" என்று தொலைபேசியில் சொன்னாய். ஒன்பது நாள் யோசித்தேன். போடப் போவதில்லை. உன் பங்குக்கு நீ 2ஆம் தேதியே கையொப்பமிட்டு அனுப்பிவிட்டாய் என்பதை அறிவேன். ஆனால் உன் அம்மா சலவைக்கூட நூல், பேய்க் கதை ஆகிய தன் இரு நூல்களின் உரிமையையும் நம் இருவருக்கும் சமமாக எழுதிவைத்தாள். என் கையொப்பமின்றி லண்டன் பதிப்பகத்தார் ஒரு பக்கமும் அச்சிட இயலாது. ஜூன் 30க்குள் ஒப்பந்தம் வராவிட்டால் இரண்டு நூல்களையும் கைவிடுவோம் என்று எழுதியிருக்கிறார்கள். கைவிடட்டும்.

காரணத்தை உனக்கு இதுவரை சொன்னதில்லை, ஏனெனில் அதில் என் தவறும் உண்டு. உன் அம்மா ஹெஸ்டர் 1957 மார்ச் முதல் 1959 ஆகஸ்ட் வரை இவ்வூர்ச் சலவைக்கூடத்தில் வேலை செய்தாள் என்பது உனக்குத் தெரியும். அங்கே தன்னோடு நின்ற பதினோரு பெண்களைப் பற்றித்தான் சலவைக்கூட நூலை எழுதினாள். உண்மைப் பெயர்களை மாற்றிவிடுவதே நாகரிகம் என்று அன்றைய பதிப்பாளர் சொன்னார். அவளும் அது அப்பெண்களுக்குச் செய்யும் நன்மை என்றே நம்பினாள். கையெழுத்துப் படியைத் தட்டச்சு செய்தவன் நான். பதினோரு பொய்ப் பெயர்களையும் தேர்ந்தெடுத்தவனும் நானே. 1962 அக்டோபர் 6, சனிக்கிழமை, நூல் கடைக்கு வந்தது. துணி தேய்க்கும் கொதிக்கும் உருளையில் கை வெந்தும் அன்றைய வேலையை முடித்துவிட்டே வீட்டுக்குப் போன எட்னா ஸ்டோர், தன் தாயை அழைத்துக்கொண்டு போய் ஒரு பிரதி வாங்கி, கடையிலேயே நின்று பக்கம் பக்கமாகத் தன் பெயரைத் தேடியிருக்கிறாள்; நூலில் நான் அவளுக்கு வைத்த பெயர் பெட்டி. பிற்பகல் நம் வாசலுக்கு வந்து நூலைப் படியில் வைத்தாள். "வெந்தது என் கை ஹெஸ்டர். எவளோ பெட்டின்னு ஒருத்தியாம்ல, அவ கையா வெந்துச்சு? ஊரெல்லாம் அவளைப் பாத்து அய்யோ பாவம்னு சொல்லப் போகுதே, அவளுக்கே என் சம்பளத்தையும் குடுத்துருக்கலாம்ல!" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் போனாள். மறுநாளே உன் அம்மா தன் பிரதியின் ஓரங்களில் பதினோரு உண்மைப் பெயர்களையும் மையால் எழுதிவைத்தாள். அடுத்த பதிப்பில் திருத்தலாம் என்று 2011இல் கண்மூடும் வரை காத்திருந்தாள். அடுத்த பதிப்பு வரவேயில்லை, இப்போது வருகிறது.

பதிப்பாசிரியை மரியாதையான பெண்தான், குறை சொல்லவில்லை. ஆனால் தொலைபேசியில் அவர், "சார், பழைய புத்தகத்தை இருந்தபடியே போடுறதுதான் எங்க வழக்கம். பேய்க் கதைதான் விக்கும், சலவைக்கூடம் கூடவே போகும். அதுல பேரு எதுவா இருந்தா படிக்கிறவங்களுக்கு என்ன சார்?" என்றார். அம்மணி, என்றேன், என் மனைவியின் வேடிக்கைக் கதையில் வரும் பேய், இருநூறு ஆண்டுக்கு முன் இறந்த படைத்தலைவன், விடுதியில் காலை ரொட்டி ஆறிப்போயிற்று என்று புலம்புவதைத் தவிர வேறு வேலை செய்யாதவன், முழுப்பெயரோடும் பிறந்த தேதியோடும் படைப்பிரிவு எண்ணோடும் வருகிறான். அந்த விடுதியின் விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்தவர்கள் மட்டும் பெயரில்லாமல் வர வேண்டுமா என்றேன். அதற்கு அவர், சட்ட ஆலோசகர் ஒப்புக்கொள்ள மாட்டார், சம்பந்தப்பட்டவர்கள் எழுதித் தர வேண்டியிருக்கும் என்றார். எழுதி வாங்குகிறேன் என்றேன்.

அப்பெண்களைத் தேடிப் பேருந்தில்தான் போனேன், குடையும் கொண்டுபோனேன், கவலைப்படாதே. பதினொருவரில் மூவர் உயிரோடு இருக்கிறார்கள். எட்னாவுக்கு எண்பத்திரண்டு; கதவைத் திறந்ததும், "வழி கண்டுபிடிக்க அம்பத்தாறு வருசமாச்சாக்கும்? உள்ள வாங்க, நனையாதீங்க" என்றாள். கையொப்பமிட்டாள், அந்தக் கையாலேயே. முதியோர் இல்லத்தில் இருக்கும் மேவிஸ் தன் பெயரைப் பெரிய எழுத்தில் இருமுறை எழுதினாள், ஒன்று போதும் என்றதற்கு, "ஒண்ணு தொலைஞ்சு போனா?" என்றாள். டோரீன்தான் என்னைத் திகைக்க வைத்தாள். அவளுக்கு நான் வைத்த பெயர் விவியன். "அது எனக்குப் பிடிச்சுப் போச்சுங்க, அப்படியே இருக்கட்டும். வெள்ளிக்கிழமையானா எங்க வீட்டுக்காரரே விவியன்னுதான் கூப்பிடுவாரு. ஆனா இப்பவாவது என்னைக் கேட்டீங்க பாருங்க, அதான் வேணும்" என்றாள். ஆகவே விவியன் விவியனாகவே இருப்பாள், அது அவள் விருப்பம். இறந்த எண்மரில் அறுவரின் குடும்பத்தார் ஒப்புதல் தந்துவிட்டனர். இருவரின் உறவினரை பக்கத்து ஊரான விட்பியில் விசாரித்துவருகிறேன்.

பெயர்கள் இல்லையேல் சலவைக்கூடமும் இல்லை, பேயும் இல்லை என்று நேற்று, 13ஆம் தேதி, பதிப்பகத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதிவிட்டேன். எனக்கு எண்பத்தெட்டு வயது, இன்னொரு பதிப்பாளர் என் காலத்தில் வராமல் போகலாம் என்பது தெரிந்தே எழுதினேன். மகளே கையொப்பமிட்டுவிட்டாரே என்று அவர்கள் உன்னைக் காட்டி என்னை மடக்கப் பார்க்கிறார்கள். அந்த வாய்ப்பை அவர்களுக்குக் கொடுக்காதே. உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை, உன் அம்மாவின் ஓரக் குறிப்புகளைப் படித்துவிட்டு முடிவு செய். கூரை ஒழுக்கை மருமகன் ஏறிச் சரிசெய்ய வேண்டாம், ஆளை வைத்துச் செய்யுங்கள். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். எல்லாரும் நீண்ட நாள் நலமாக வாழ்க. ஜூன் 30 ஒரு ஞாயிற்றுக்கிழமை, அன்று தபால் இல்லை என்பதை மறவாதே.

அன்புடன் உன் தந்தை,
ஹெர்பர்ட் ஸ்கெல்டன்

இத்துடன் இணைத்துள்ளவை:
1. எட்னா, மேவிஸ், டோரீன் ஆகியோரின் ஒப்புதல்கள், நகல்.
2. ஆறு குடும்பங்களின் ஒப்புதல்கள், நகல்.
3. உன் அம்மா ஓரத்தில் பெயர் எழுதிய பதினோரு பக்கங்கள், நகல்.
4. பதிப்பகத்துக்கு நான் எழுதிய கடிதம், நகல்.
5. உன் கையொப்பத்தைத் திரும்பப் பெறுவதற்கான கடிதம், ஒன்று. தட்டச்சு செய்துவிட்டேன். பெயருக்கான இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்; அதை நீதான் எழுத வேண்டும்.