ஒரு லிட்டர் கோடு

இன்று காலை பரணிலிருந்து உன் சொம்பை இறக்கினேன். உன் மனைவி டெல்லி கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸைக் காலி செய்து மகளோடு நெல்லைக்குக் கிளம்பியபோது என்னிடம் விட்டுப்போன எவர்சில்வர் சொம்பு. உள்பக்கம், கழுத்துக்குச் சற்றுக் கீழே, நான் ஆணியால் கீறிய கோடு அப்படியே இருக்கிறது. ஒரு லிட்டர். அவசரத்தில் கீறியது. ஆனாலும் அளவு சரி. அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பதுதானே என் பிழைப்பு.

என் மகளுக்கு இன்றோடு ஏழு வாரம். ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தை ஆறாவது வாரத்திலேயே கொடுத்திருக்க வேண்டும். ஆபீஸில் வேலை என்று வீட்டில் சொல்லி ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். பொய். பயம்.

உன் மகளுக்கு நீயும் தள்ளிப்போட்டாய். "பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயில்ல மொட்ட போடணும்லா. அதுக்கு முன்ன மருந்தக் குடுத்து காய்ச்சல் கீய்ச்சல் வந்துட்டுன்னா? முடிச்சிட்டு வந்து பாத்துக்கிடலாம்" என்றாய். கரோல் பாக் டீக்கடை வாசல். எனக்கு மெட்ரோவைப் பிடிக்கும் அவசரம். "உன் பிள்ளை, உன் இஷ்டம்டா" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

தை மாதக் குளிரில் உன் போன் வந்தது. "ஜல்தி வால" என்றாய், வேறொன்றும் சொல்லவில்லை. நான் வந்தபோது நாலு மாதப் பிள்ளை வாந்தியும் வயிற்றுப்போக்குமாகத் துவண்டு கிடந்தது. அழுதது, கண்ணீர் வரவில்லை. காலையிலிருந்து துணி நனையவில்லை. நீ ஓ.ஆர்.எஸ். பாக்கெட் முழுவதையும் ஒரே டம்ளர் தண்ணீரில் கலக்கிக்கொண்டிருந்தாய். கெட்டியாக இருந்தால் சீக்கிரம் கேட்கும் என்பது உன் நினைப்பு. டம்ளரைத் தட்டிவிட்டேன். "முட்டாள்! அது ஒரு லிட்டருக்குடா. உப்பு கூடினா உயிருக்கே ஆபத்து!" லிட்டர் பாட்டிலால் அளந்து ஊற்றி, சொம்பில் கோடு போட்டு, புதிதாகக் கலந்தேன். ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டிக்கொண்டே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம்.

மூன்று நாள் டிரிப்ஸ் ஏறியது. ரோட்டா வைரஸ் என்றார்கள். பிள்ளை உன் மடியை நனைத்த அன்று நீ சிரித்தாய். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாய்: "ஊரையே ஏசுவியே. அன்னைக்கு டீக்கடையில என்னய மட்டும் ஏம்ல ஏசல?"

டிரிப்ஸ் பாட்டிலில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று நான் நிமிர்ந்து பார்த்தேன். போன வருடம் டெங்கு உன்னைக் கொண்டுபோனது, கேள்வியை என்னிடமே விட்டுவிட்டு.

என் பயத்தைச் சொல்கிறேன். இந்த மருந்துக்குப் பின், மிக மிக அரிதாக, குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் செருகிக்கொள்ளலாம் என்று படித்துவிட்டேன். அரிது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அவளைக் கையில் தூக்கினால் மட்டும் தெரியாமல் போகிறது.

இன்று டிஸ்பென்சரிக்குப் போயே விட்டேன். "டரோ மத், பையா", பயப்படாதீங்க அண்ணா என்று நர்ஸ் சிரித்தார். இதற்கு ஊசி இல்லை, வாயில் சொட்டுதான். நாலு வாரம் கழித்து மறுபடி, அதற்கும் நாலு வாரம் கழித்து இன்னொரு முறை. எல்லா வயிற்றுப்போக்கையும் இது தடுக்காது. உன் மகளைப் படுக்கவைத்ததே, அந்த மாதிரிக் கடுமையானதைப் பெரும்பாலும் தடுக்கும். கால்களை வயிற்றோடு மடக்கி, விட்டு விட்டு வீறிட்டு அழுதாலோ, ஓயாமல் வாந்தி எடுத்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. அதை நர்ஸை மூன்று முறை சொல்லவைத்தேன்.

வெளியே வரும்போது வரிசையில் ஒரு தமிழர், கைக்குழந்தையோடு நின்ற மனைவியிடம், "ஒரே கூட்டம். ஊருக்குப் போயி குடுத்துக்கலாம், வா" என்றார்.

"எப்போ ஊருக்கு?" என்றேன்.

"சித்திரையில. உங்களுக்கென்ன சார்?"

"முதல் சொட்டுக்கு வயசு வரம்பு இருக்கு. வைரஸ் உங்க ரயில் டிக்கெட்டப் பாத்துட்டு வராது. வரிசைய விட்டு நகராதீங்க."

"நீங்க யாரு சார் என்னய மிரட்ட?" அவர் முகம் சிவந்துவிட்டது. மனைவி நகரவில்லை. அவரும் நின்றார்.

இப்போது மகள் தூங்குகிறாள். சமையல் மேடையில் உன் சொம்பு, பக்கத்தில் பிரிக்காத பாக்கெட். அவள் சிணுங்கும்போதெல்லாம் எழுந்து போய்க் கால்களை மடக்குகிறாளா என்று பார்க்கிறேன். பயம் போகவில்லை.

ஆனால் ஏசிவிட்டேன்டா. உனக்கு வைத்திருந்த ஏச்சு அது. முன்பின் தெரியாத ஒருவர் வாங்கிக்கொண்டார்.