லாரிக்கு விழுந்த பச்சை

மார்ச் 2007, திங்கள்கிழமை

மகள் ஷமீமுக்கு இன்று பிளஸ் டூ பரீட்சை போய்விட்டது. தொழிற்பேட்டை முனையில் புதுசாக வைத்த தானியங்கி சிக்னலில் அவள் ஷேர் ஆட்டோ மாட்டிக்கொண்டது. மீஞ்சூர் ரயிலை விட்டாள். அடுத்த ரயிலில் போனால் ஹால் கதவை மூடிவிட்டார்கள்.

"எந்த நாதாரி லாரிக்கு இவ்ளோ நேரம் பச்சை வச்சான்?" என்று கத்தினேன்.

"நீங்கதான் வாப்பா. பேட்டை முதலாளிங்க சங்கத்துல பேசி லாரிக்குக் கூடுதல் பச்சை வாங்கிட்டேன்னு பிரியாணி போட்டீங்களே? இன்னிக்கு நம்ம இரும்பு லாரிதான் மொதல்ல போச்சு. டிரைவர் அண்ணன் எனக்குக் கையாட்டிக்கினே போனாரு."

சீ, என்ன பிழைப்பு! அந்தப் பச்சைக்காக டிராபிக் ஆபீசரிடம் பல்லைக் காட்டிய வாய் இது. நாளைக்கு அவரிடமே போய்ப் பச்சையைக் குறைக்கச் சொல்லணும். சிரிப்பார், சிரிக்கட்டும். ஜூனில் திரும்ப எழுதலாமாம். காலேஜ் சீட்டு அதுவரைக்கும் இவளுக்காகக் காத்திருக்குமா?