பேனல் நிழலில் ஆடுகள்

12-6-2009, வெள்ளி

இன்று தவளக்குப்பம் கூட்டத்தில், ஊர்ப் பொதுத் தரிசில் வரப்போகும் சோலார் மின் நிலையத்தைப் பற்றிப் பேசினேன். கரி எரிக்க வேண்டாம், புகை கிடையாது, பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்றேன். எல்லாம் உண்மைதான்.

அந்தத் தரிசில் ஆடு மேய்க்கும் அஞ்சலை எழுந்தாள். "எங்க ஆடுங்க எங்க போய் மேயும் சார்?"

"பேனலுக்குக் கீழ நல்ல நிழலும்மா. அங்கயே மேயட்டும்."

ஏன் அப்படிச் சொன்னேன்? கூட்டம் சீக்கிரம் முடிய வேண்டும், அவ்வளவுதான்.

"சாரே சொல்லிட்டாரு, கைநாட்டு வைங்கடி" என்று மற்ற பெண்களிடம் சொல்லிவிட்டு, சம்மதத் தாளில் முதலில் அவளே வைத்தாள்.

ஆடு ஏறினால் பேனல் உடையும் என்று, சுற்றிலும் ஆளுயர வேலியை வரைபடத்தில் போட்டவன் நான். அந்த வரைபடம் சுருட்டியபடி என் கையில்தான் இருந்தது. கடைசிவரை பிரிக்கவில்லை.